அலுமினிய பிளாக்: ரீபோர் போடலாமா, எஞ்சினையே மாற்றலாமா?

வணக்கம் அண்ணன்மார்களே. கோலாலம்பூர், செந்தூலில் இருக்கிறேன். கார் 2008 டொயோட்டா வியோஸ், 1.5 எஞ்சின். காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை, ஆயில் ஊற்றி மாளவில்லை. ஹெட்டைக் கழற்றியாயிற்று. மூன்றாவது சிலிண்டர்தான் மோசம்: ஹோனிங் கோடுகள் (ஆயில் நிற்பதற்காகச் சுவரில் போடும் குறுக்குக் கோடுகள்) மறைந்து சுவர் கண்ணாடி மாதிரி மின்னுகிறது, மேலே நகம் வைத்தால் விளிம்பு தட்டுப்படுகிறது.

0.50 மி.மீ. ஓவர்சைஸ் (பெரிய அளவு) பிஸ்டன் வாங்கி, அதற்கேற்ப சிலிண்டரை அகலமாகக் கடைந்து ரீபோர் அடித்துவிடலாம் என்கிறார் ஒர்க்‌ஷாப் போர்மேன். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பிளாக் அலுமினியம் என்றாலும் பிஸ்டன் ரிங் உரசுவது உள்ளே வார்த்திருக்கும் இரும்பு லைனரில் (குழாய் போன்ற உள்சுவர்) தான், அதனால் வெட்டுவது கஷ்டமில்லை. (இரும்பு லைனரே இல்லாத நிக்கசில், அலுசில் பிளாக் என்றால் கதையே வேறு.) ஆனால் இந்த லைனர் ரொம்ப மெல்லியது. வெட்டிய பிறகு மிஞ்சும் சுவர் சூட்டைத் தாங்குமா, வட்டம் கோணிக்கொள்ளுமா? புது ஸ்லீவ் (தனி இரும்புக் குழாய்) இறக்கலாம் என்றால், அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும். இறுக்கம் சரியாக இல்லாவிட்டால் ஸ்லீவ் நகர்ந்துவிடும். அதற்குக் கை தேர்ந்த ஆள் வேண்டும்.

ஹாஃப்கட் எஞ்சின் (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய காரின் எஞ்சின்) மலிவு, ஒரே நாளில் மாற்றிவிடலாம். அதன் உள்ளே என்ன நிலைமை என்று யாருக்குத் தெரியும்?

இதே எஞ்சினை ரீபோர் செய்து ஓட்டுபவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இன்னும் ஆயில் குடிக்கிறதா? அப்புறம், செந்தூல், கெப்போங் பக்கம் போர் கேஜ் (சிலிண்டரின் உள்விட்டம் அளக்கும் கருவி) வைத்து மேல், நடு, கீழ் என்று ஒழுங்காக அளந்து கொடுக்கும் மெஷின் ஷாப் தெரிந்தால் சொல்லுங்கள். அளவு கைக்கு வராமல் பிஸ்டன் வாங்க மாட்டேன்.