மறு: மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்டுக்குத் தமிழ்: ‘இணைப்பு முரண்’ போதுமா?

வணக்கம். இருவர் தனித்தனியாக மாற்றிய நிரலை ஒன்றாகச் சேர்க்கும்போது வரும் மோதல்தான் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட். அதற்கு வந்த தமிழ்ச்சொல் யோசனைக்கு என் பதில் இது.

> ‘இணைப்பு முரண்’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரிகிறது.

புரிகிறதுதான். ஆனால் மின்னஞ்சலில் அனுப்பும் கோப்பும் இணைப்பு, வலைப்பக்கச் சுட்டியும் இணைப்பு, வீட்டு கேஸும் இணைப்பு. இதையும் அதன் தலையிலேயே கட்ட வேண்டுமா? அதைவிடப் பெரிய குறை, இரண்டு வேறு சிக்கல்களை இந்தச் சொல் ஒன்றாக்கிவிடுகிறது.

முதலாவது, நிரல் மாற்றங்களைப் பதிந்து சேர்த்துத் தரும் கருவியான கிட் தானே நின்று கேட்பது. ஒரே மூலத்திலிருந்து பிரிந்து தனித்தனியாக வளரும் பிரதிகளான இரு கிளைகளும் ஒரே வரியை வெவ்வேறு விதமாக மாற்றியிருந்தால், கோப்புக்குள் அந்த இடத்தைக் காட்ட ஏழேழு குறிகளாகப் போட்டுவிட்டு ‘நீயே பார்த்துக்கொள்’ என்று ஒதுங்கிவிடும். இதைப் ‘பிணக்கு’ எனலாம். இலங்கையில் தொழிற்பிணக்கு சட்டத்திலேயே புழங்கும் சொல். ‘பிணக்குத் தீர்த்தல்’ என்று வினையும் கூடவே கிடைப்பதால் ரிசால்வுக்குத் தனியாக அலைய வேண்டாம்.

இரண்டாவதுதான் ஆளைக் கொல்வது. நிரலை மறுசீரமைக்கும் வேலையில் தரமணியில் ஒருவர் ‘வரிக்கணக்கு’ என்ற செயற்கூற்றின் (ஃபங்ஷன்) பெயரை மாற்றி, அதை அழைக்கும் இடங்களையெல்லாம் திருத்துகிறார். அதே வாரம் சிறுசேரியில் இன்னொருவர் புதிய கோப்பு ஒன்றில் பழைய பெயரிலேயே அழைக்கிறார். தொட்ட வரிகள் வேறு வேறு என்பதால் கிட் சத்தமில்லாமல் சேர்த்துவிடும். ஜாவா மொழி என்றால் ஓட்டுவதற்கு முன் தொகுக்கும்போதே (கம்பைல்) கத்தும். பைத்தானில் அந்த வரி ஓடும்வரை தெரியாது. அது மாதக் கடைசியில் பில் போடும் நேரமாகத்தான் பார்த்து ஓடும். நல்ல சோதனைகள் இருந்தால் பிழைத்தோம். அப்புறம், பெயர் மாற்றத்தை மட்டும் தனிக் கமிட்டாக, அதாவது கிட்டில் தனிப் பதிவாக, முதலில் உள்ளே அனுப்பி, பழைய பெயரையும் கொஞ்ச நாள் புதியதற்குத் திருப்பிவிட்டு வைத்தால் தொல்லை குறையும்.

இதற்குப் ‘பொருண்மை முரண்’ (செமாண்டிக் கான்ஃப்ளிக்ட்) என்றால் சரியாகத்தான் இருக்கும், ஆனால் காலையில் குழு கூடும் ஸ்டாண்ட்-அப்பில் யார் வாயிலும் வராது. வெளியே தெரியாத அடியை ஊமைக்காயம் என்கிறோமே, அந்த வழியில் ‘ஊமைப் பிணக்கு’ என்று முன்வைக்கிறேன்.

இன்னொன்று பாக்கி. பெரிய கோப்பை ஒருவர் மூன்றாக உடைக்கிறார். எந்தத் துண்டும் பழையதோடு பாதிக்குப் பாதிகூட ஒத்துப்போகாவிட்டால், இயல்பான அமைப்பில் கிட் அதைப் பெயர் மாற்றமாகக் கொள்ளாது. பழைய கோப்பு அழிந்தது என்றே எடுத்துக்கொள்ளும். மறு கிளையிலோ அதே கோப்பில் ஒரு திருத்தம். இங்கே கிட் நின்று கேட்கிறது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வரியே இல்லை. திருத்தத்தை எந்தத் துண்டில் சேர்ப்பது என்று உடைத்தவரைத்தான் கேட்க வேண்டும். இதற்கும் பிணக்கு போதும் என்பது என் கட்சி. தனிச்சொல் வேண்டும் என்பவர்கள் ஒன்று சொல்லுங்கள்.