குளிசைப் பையோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்

(குடும்பக் குழு: லண்டனின் ஹரோ – ஈஸ்ட்ஹாம் – யாழ்ப்பாணம்)

திங்கட்கிழமை

பெரியம்மா, காலை 9.12
பிள்ளைகளே, எனது ஜீபி (குடும்ப வைத்தியர்) நிலையத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது. வரும் வியாழக்கிழமை 'கிளினிக்கல் பாமசிஸ்ட்' (மருந்தாளர்) ஒருவரை அரை மணி நேரம் சந்திக்க வேண்டுமாம். வீட்டில் இருக்கிற எல்லாக் குளிசைகளையும் பையில் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். முழங்கால் நோவுக்கு டொக்டரைப் பார்க்க வேண்டும் என்று மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவரைக் காட்டாமல் பாமசிக் கடைக்காரரிடம் அனுப்புகிறார்களே என்று மனம் நொந்துபோனது.

ஹரோ அண்ணா, காலை 9.30
அம்மா, செலவைக் குறைப்பதற்காக வயதானவர்களின் மருந்துகளை நிறுத்துகிறார்கள் என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னார். தங்கச்சி, இது உன்னுடைய தொழில்தானே, இதில் உண்மை எவ்வளவு என்று நீயே சொல்லு.

நான், மதியம் 12.48
பெரியம்மா, காலையில் நோயாளர்கள் இருந்தபடியால் இப்போதுதான் பார்த்தேன். மனம் நோகாதீர்கள். நான் செய்கிற வேலையைத்தான் அந்தச் செய்தி சொல்கிறது. ஏழு வருடமாகச் செய்தும் அதை உங்களுக்கு ஒழுங்காக விளக்காமல் இருந்தது என் பிழை.

கடையில் மருந்து தருகிற பாமசிஸ்டும் நானும் படித்தது ஒரே படிப்புத்தான்: நான்கு வருடப் பட்டம், அதன் பிறகு ஒரு வருடப் பயிற்சி. ஆனால் கடையில் இருப்பவருக்கு உங்கள் மருந்துச் சீட்டு தெரியுமே தவிர, உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் வைத்தியசாலைக் கடிதங்களையும் முழுமையாகப் பார்க்க வசதி இல்லை. ஜீபி நிலையத்திற்குள் இருந்து வேலை செய்கிற எங்களுக்கு அவை அனைத்தும் ஒரே திரையில் தெரியும். இங்கிலாந்தில் அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ். இதை 2015 இல் முன்னோட்டமாகத் தொடங்கியது. 2019 இல் அயலிலுள்ள ஜீபி நிலையங்களை 30,000 முதல் 50,000 நோயாளர்கள் வரை கொண்ட கூட்டமைப்புகளாகச் சேர்த்து, அவற்றில் எங்களை வேலைக்கு அமர்த்த அரசு பணம் கொடுத்தது. எங்களில் பலர் மேலதிகப் பயிற்சி பெற்று, வைத்தியரின் கையொப்பம் இல்லாமலே மருந்து எழுதிக் கொடுக்கும் உரிமை உடையவர்கள். அந்த உரிமை சட்டப்படி 2006 முதல் இருக்கிறது. புதிய நோய் ஒன்றைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை அன்று. அப்படி ஒரு சந்தேகம் வந்தால் உடனே வைத்தியரிடம் போய்விடுவோம்.

அண்ணா, செலவு பற்றிக் கேட்டீர்கள். சில மருந்துகள் நிறுத்தப்படுவது உண்மைதான். 2021 இல் இங்கிலாந்து அரசு வெளியிட்ட மீளாய்வு ஒன்று, 65 வயதைக் கடந்தவர்கள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவதில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று மருந்தின் பாதகமான விளைவுகளால் நேர்கிறது என்று கூறியது. நாங்கள் ஒரு குளிசையை நிறுத்தச் சொல்கிறபோது எங்கள் மனத்தில் இருப்பது அந்தக் கட்டில்கள்தான்.

பெரியப்பா, மாலை 4.05
நானும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. போன வருடம் நெஞ்சு வருத்தத்துடன் வைத்தியசாலையில் கிடந்தபோது, நான் முன்பு எடுத்துவந்த அட்டெனலோலை நிறுத்திவிட்டு பிசோப்ரொலோல் தந்தார்கள். அதை ஒருவரும் எனக்கு விளங்கும்படி சொல்லவில்லை. வீட்டிற்கு வந்து பழைய பெட்டியிலிருந்து ஒன்றும் புதிய பெட்டியிலிருந்து ஒன்றுமாக, இரண்டையும் ஒன்பது நாள் விழுங்கினேன். குளியலறை வாசலில் தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது இப்போதும் ஞாபகத்தில் இருக்கிறது. பத்தாம் நாள் ஜீபி நிலையத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை தொலைபேசியில் அழைத்து, "ஐயா, இரண்டு பெட்டிகளையும் கையில் எடுத்து, பெயர்களை எழுத்துக் கூட்டி வாசியுங்கள்" என்றாள். நாடித் துடிப்பை எண்ணச் சொன்னாள், நிமிடத்திற்கு நாற்பத்தாறுதான் இருந்தது. அன்றைக்கே டொக்டரிடம் சேர்ப்பித்தாள். அவள் பாமசிஸ்ட் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன்.

நான், மாலை 5.20
பெரியப்பா, வைத்தியசாலையிலிருந்து வரும் கடிதத்தைப் பழைய பட்டியலோடு வரி வரியாக ஒப்பிடுவது எங்கள் நாளில் பாதியை எடுக்கிற வேலை. இரண்டும் ஒரே வகை மருந்துகள். இரண்டுமே இதயத் துடிப்பைக் குறைப்பவை. பெயர் வேறாக இருப்பதால் வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

சின்னம்மா (யாழ்ப்பாணம்), மாலை 5.41
அக்கா, நான் ஆவணியில் கொடுத்துவிட்ட முழங்கால் குளிசைகளையும் அந்தப் பையில் போடத்தான் வேண்டுமோ? அவை அங்கே தந்தவை அல்லவே. வீணாக அவர்களிடம் ஏச்சு வாங்க வேண்டாம்.

நான், மாலை 5.43
சின்னம்மா, எந்தக் குளிசைகள்? பெரியம்மா, தயவுசெய்து அந்த அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து இப்போதே அனுப்புங்கள்.

பெரியம்மா, மாலை 6.02
(படம்) இதுதான். காலையில் ஒன்று, இரவில் ஒன்று போடுகிறேன். இதைப் போட்டால்தான் படி ஏற முடிகிறது.

நான், மாலை 6.15
இது டைக்ளோஃபெனக், 50 மில்லிகிராம். பெரியம்மா, இரத்த அழுத்தத்திற்கு நீங்கள் ரமிப்ரிலும், உடம்பிலுள்ள மேலதிக நீரை வெளியேற்ற இண்டப்பமைட்டும் எடுக்கிறீர்கள். சிறுநீரகத்திற்குள் இரத்தம் வருகிற குழாயை டைக்ளோஃபெனக் ஒடுக்குகிறது. வெளியே போகிற குழாயை ரமிப்ரில் தளர்த்துகிறது. இண்டப்பமைட் உடம்பின் நீரைக் குறைக்கிறது. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால், வடிகட்டுவதற்குத் தேவையான அழுத்தம் சிறுநீரகத்திற்குக் கிடைக்காமல் போகிறது. வயிற்றோட்டமோ வாந்தியோ வந்து உடம்பில் நீர் குறைகிற ஒரு நாளில் அது திடீரென்று செயலிழக்கக்கூடும். இதயத்திற்கும் ஆபத்து என்பதால், இந்த நாட்டில் 2015 ஜனவரி முதல் சீட்டு இல்லாமல் டைக்ளோஃபெனக் குளிசையை விற்பதில்லை.

இன்னுமொன்றைக் கவனியுங்கள். இந்தக் குளிசை இரத்த அழுத்தத்தையும் கூட்டும். போன மாதம் உங்கள் அழுத்தம் கூடியிருக்கிறது என்று சொல்லி ரமிப்ரிலை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கினார்கள் என்று சொன்னீர்களே, அதற்குக் காரணம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இந்த அட்டையாகவே இருக்கலாம். அவர்களின் திரையில் அது இல்லை. ஆகவே ஒரு மருந்தின் விளைவை நோய் என்று எண்ணி இன்னொரு மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள்.

நான் உங்கள் பெறாமகளாக எழுதுகிறேன். உங்களுக்குப் பொறுப்பான பாமசிஸ்ட் நான் அல்லேன், உங்கள் பரிசோதனை முடிவுகளும் என்னிடம் இல்லை. இன்றிரவு முதல் டைக்ளோஃபெனக் வேண்டாம், நோவுக்குப் பனடோல் எடுங்கள். ரமிப்ரிலை நீங்களாக நிறுத்த வேண்டாம். வியாழன் வரை பொறுக்காமல், நாளைக் காலை எட்டு மணிக்கு ஜீபி நிலையத்தை அழைத்து, மூன்று மருந்துகளின் பெயரையும் சொல்லுங்கள். சிறுநீர் குறைந்தாலோ கால் வீங்கினாலோ அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சின்னம்மா (யாழ்ப்பாணம்), மாலை 6.40
ஐயோ பிள்ளை, அக்கா நோவென்று அழுததைக் கேட்டுத் தாங்காமல்தான் அனுப்பினேன். இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது.

நான், மாலை 6.44
சின்னம்மா, நீங்கள் அன்பினால் செய்தீர்கள், அதை ஒருவரும் குறை சொல்லவில்லை. ஈஸ்ட்ஹாமில் என்னிடம் வருகிற தமிழ் வீடுகளில், ஊரிலிருந்து வந்த குளிசையோ சூரணமோ இல்லாத பை அபூர்வம். அவற்றை மேசையில் வைத்தவர்களுக்கு என்னால் உதவ முடிந்திருக்கிறது. மறைத்தவர்களின் பட்டியலைப் பார்த்து நான் எழுதிக் கொடுத்த மருந்துகளை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை.

வியாழக்கிழமை

பெரியம்மா, மாலை 3.30
போய் வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை அழைத்தபோதே வரச் சொல்லி இரத்தம் எடுத்துவிட்டார்கள். இன்று இருந்தவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். நான் கேட்காமலே தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இணைத்து வைத்திருந்தார்; அதற்குக் காசு இல்லையாம். ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, எதை எப்போது போடுகிறேன், எதை மறக்கிறேன், எதைப் பிடிக்காமல் விட்டுவிடுகிறேன் என்று கேட்டார். டைக்ளோஃபெனக் அட்டையைப் பார்த்து ஏசவில்லை. "நோவு எவ்வளவு இருந்திருந்தால் இதைத் தேடியிருப்பீர்கள்" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முழங்காலில் பூசுகிற ஜெல் ஒன்றை அவரே எழுதித் தந்து, அதே கட்டடத்தில் இருக்கிற பிசியோவிடமும் நேரம் எடுத்துத் தந்தார்.

ஹரோ அண்ணா, மாலை 3.52
இரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது அம்மா?

பெரியம்மா, மாலை 4.10
சிறுநீரகம் வேலை செய்கிற அளவு போன வருடத்தைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம். குளிசையை நிறுத்தியபடியால் திரும்பி வரலாம், இரண்டு கிழமையில் மறுபடி பார்ப்போம் என்றார். அழுத்தத்தையும் அன்று பார்த்துவிட்டு, ரமிப்ரிலைப் பழையபடி 5 ஆக்குவதா என்று தீர்மானிப்பாராம். பத்து வருடமாகச் சீனி வருத்தத்திற்கு மெட்ஃபோமின் எடுப்பதால் பி12 குறைந்திருக்கக்கூடும் என்று அதையும் பார்க்கிறார்; என் பாதங்கள் விறைப்பதைப் பற்றி அவர்தான் முதலில் கேட்டார்.

பிறகு ஒன்று கேட்டார், அதை நான் எதிர்பார்க்கவில்லை. "விரதம் பிடிக்கிறீர்களா?" என்றார். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் ஒருநேரம் பாலும் பழமும் மட்டும் என்று சொன்னேன். சாப்பாடு இல்லாமல், சீனிக்கு நான் எடுக்கிற மற்றக் குளிசையான கிளிக்லசைட்டைப் போட்டால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும் என்று விளக்கினார். விரதத்தை விடச் சொல்லவில்லை. சஷ்டி தொடங்க ஒரு கிழமைக்கு முன் சீனி அளவுகளை எழுதிக்கொண்டு வரும்படியும், அந்த ஆறு நாளுக்கும் மருந்தை எப்படி எடுப்பது என்று இருவருமாகத் திட்டம் போடலாம் என்றும் சொன்னார்.

நான், மாலை 5.35
பெரியம்மா, விரதத்தைப் பற்றிக் கேட்க அவருக்குத் தோன்றியதை வாசித்து எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. முருகனுக்கு விரதமிருந்து நடுச்சாமத்தில் அம்புலன்சில் போன ஒரு தாயை எனக்குத் தெரியும். அவரிடம் அந்த ஒரு கேள்வியை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. திட்டம் போடுகிற அன்று, விரதத்தை எந்த அளவு சீனியில் முறிக்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரியப்பா, மாலை 5.50
அந்தத் தாளைச் சாமியறைக் கதவில் நானே ஒட்டிவிடுகிறேன். இரண்டாவது இரத்தப் பரிசோதனை எப்போது?

பெரியம்மா, மாலை 5.58
அடுத்த செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய், காலை 8.40.

ஹரோ அண்ணா, மாலை 6.01
அன்று எனக்குப் பின்னேர வேலை. நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் அம்மா.

சின்னம்மா (யாழ்ப்பாணம்), மாலை 6.20
மார்கழியில் வருகிறவரிடம் கொடுக்க வைத்திருந்த பொதியைப் பிரித்து, இரண்டு அட்டைகளையும் எடுத்துவிட்டேன் அக்கா. மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் மட்டும் வருகின்றன.