சிங்கப்பூருக்கு அறுபதாம் கல்யாணம்: உங்கள் வீட்டுக் கதை என்ன?

ஆர்பர்காரர் மகள்

2025இல், நாட்டுக்கு அறுபது வயதானபோது, அப்பாவை மேக்ஸ்வெல் ரோட்டுக்கு அழைத்துப் போயிருந்தேன். நகர மறுசீரமைப்பு ஆணையக் கட்டடத்தில் 2025 பெருந்திட்ட வரைவைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் எந்த நிலத்தில் என்ன வரும் என்ற கணக்கெல்லாம் அதில் இருந்தது. நான் போனது சுயநலத்தில்தான். பத்துக்கும் மேற்பட்ட புதிய இடங்களில் குறைந்தது 80,000 வீடுகள் வரும் என்று செய்தியில் சொன்னார்கள், வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பையன் நிற்கிறான். அப்பா ஏர்கான் (ஏசி) குளிருக்காக வந்தார்.

பையன் வீடு தேடிக்கொண்டிருந்தபோது அப்பா தென்கடலோரப் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், குனிந்தார். "இங்கதான் கேட்டு. இங்க சைக்கிள நிறுத்துவோம். இதுக்குப் பின்னாடி டீக்கடை." அவர் விரல் வைத்த இடத்தில் வெறும் நிறத் திட்டுதான் இருந்தது. தஞ்சோங் பகார் துறைமுகம் 2027க்குள் காலியாகித் தீவின் மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸுக்குப் போகிறது. அந்த நிலத்தில் ஊர் வரப்போகிறது.

அப்பா 1968இல் அந்த ஆர்பரில் (துறைமுகத்தில்) வின்ச்மேனாக, சரக்கைத் தூக்கி இறக்கும் பொறியை ஓட்டுபவராக, சேர்ந்தவர். அப்போது எல்லாம் மூட்டைதான், ஒரு கப்பலைக் காலி பண்ண நாள்கணக்காகும். 1972 ஜூனில் முதல் கொள்கலன் (கன்டெய்னர்) கப்பல் தஞ்சோங் பகாருக்கு வந்தது. "அன்னைக்கே எங்க கேங்ல பாதிப் பேருக்கு விளங்கிடுச்சு" என்பார். என்ன விளங்கியது என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், சொன்னதில்லை.

கையில் டேப்லெட்டோடு ஒரு சீனப் பெண், வயது இருபது இருக்கும், "அங்கிள், இந்த இடத்தில் என்ன வந்தால் நன்றாக இருக்கும்?" என்று கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். துறைமுகத்தை ஏன் எடுக்கிறீர்கள் என்று சண்டைக்குப் போவார் என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் உதறல். அவர் யோசித்துவிட்டு, "அத்தனை வருஷம் கடல் பக்கத்துலயே நின்னேன். கண்ணு முழுக்கச் சரக்குமேல. ஒரு நாள் உக்காந்து கடலப் பார்த்ததில்ல. பெஞ்சு போடச் சொல்லு. சாய்மானம் வெச்சது" என்றார். சாய்மானத்தை ஆங்கிலத்தில் சொல்ல எனக்குத்தான் ஒரு நிமிஷம் பிடித்தது. அவள் அப்படியே தட்டிக்கொண்டாள்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

சாக்பீஸ்

ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் இங்கே வந்த இருநூறாவது ஆண்டை 2019இல் கொண்டாடியபோது, ஆற்றங்கரையில் அவர் சிலைக்குப் பக்கத்தில் ஊரின் முன்னோடிகளுக்கு இன்னும் நாலு சிலை வைத்தார்களே, நினைவிருக்கிறதா? சாங் நில உத்தமா, டான் டொக் செங், முன்ஷி அப்துல்லா, நம்ம நாராயண பிள்ளை. பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். ஒரு பையன் கேட்டான்: "ராஃபிள்ஸுக்கு எல்லாம் இருக்கு. டான் டொக் செங்குக்கு ஆஸ்பத்திரி இருக்கு. இவருக்கு என்ன சார் இருக்கு?"

சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் இருக்கு என்றேன். "அதுல அவர் பேர் இல்லையே" என்றான். அதோடு விட்டிருக்கலாம். விடாமல் முழுக் கதையையும் சொன்னேன், பாவம் பிள்ளைகள் வெயிலில் நின்றன. நாராயண பிள்ளை 1819 மே மாதம் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து கப்பலில் வந்தவர். கோயிலுக்கு முதலில் தெலுக் ஆயரில் இடம் கிடைத்தது, அங்கே நல்ல தண்ணீர் இல்லை. அடுத்து ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய் பக்கம். சரி, அங்கேயாவது கட்டலாம் என்றால் 1822இல் நகரத் திட்டம் போட்டார்கள், அந்த நிலத்தை வேறு காரியத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். 1823இல்தான் இப்போதைய மனை. 1827இல் மரமும் கீற்றுமாகக் கோயில் எழுந்தது. இந்த ஊரில் திட்டம் வந்தால் மாரியம்மனே மனை மாறத்தான் வேண்டும்.

இன்னொன்று, அக்கா. பிள்ளை செங்கல் சூளை போட்டது உங்கள் அப்பாவின் தஞ்சோங் பகாரில்தான்.

கடையநல்லூரான்

மேக்ஸ்வெல் ரோடு என்றதும் எழுதத் தோன்றியது. உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி அந்த ரோட்டில்தான் இருந்தது. நான் அங்கே படித்தவன். 1982இல் மூடினார்கள், பேர் மட்டும் தமிழ் மொழி நிலையமாக வேறு இடத்தில் வாழ்கிறது. கண்காட்சிக்கு நானும் போனேன், லிஃப்ட் வரை போய்த் திரும்பிவிட்டேன். எதிர்க்கடையில் ஒரு தே தாரே (இழுத்து ஆற்றிய டீ) குடித்தேன். அவ்வளவுதான் என் அனுபவம்.

வுட்லீ வாசி

எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு பிடாடாரியில். கட்டி முடித்துச் சாவி வாங்கிய அன்று என் பெரியத்தை உள்ளே வரவே இல்லை. அவர் மாமியாரை அங்கேதான் புதைத்தார்களாம். பிடாடாரி பழைய இடுகாடு என்பது தெரிந்ததுதான், இந்துக்களுக்கும் ஒரு பகுதி இருந்தது. 2000க்குப் பிறகு தோண்டி எடுத்தார்கள். "பொணத்துமேல படுக்கையா?" என்று வாசலிலேயே கேட்டார். அத்தை, எல்லாரையும் மரியாதையாக எடுத்துவிட்டார்கள் என்று நான் சொல்ல, "நீ பார்த்தியா?" என்றார். பார்க்கவில்லைதான்.

எனக்கு வியப்பு எங்கள் வுட்லீ எம்ஆர்டி ரயில் நிலையம்தான். 2003இல் அந்த ரயில் பாதை திறந்தபோதே நிலையத்தைக் கட்டிவிட்டுப் பூட்டி வைத்தார்கள். ஏற ஆள் இல்லை. 2011இல் திறந்தார்கள். எட்டு வருஷம் ரயில் நிற்காமல் போயிருக்கிறது, எங்களுக்காகக் காத்திருந்த மாதிரி. அத்தை இப்போது அதே நிலையத்தில் இறங்கித்தான் மாதம் ஒரு தடவை வருகிறார். சாப்பிடுவார், படுக்க மாட்டார்.

தேக்கா பேத்தி

எல்லாரும் இவ்வளவு கனமாக எழுதுகிறீர்களே! எங்கள் பாட்டிக்கு அரசாங்கத்தின் அறுபதாம் ஆண்டுப் பற்றுச்சீட்டு 800 வெள்ளி (டாலர்) வந்தது, எனக்கு 600தான். "வயசுக்கு மரியாதை" என்று தினமும் குத்திக் காட்டுகிறார். தேக்கா சந்தை ஆட்டிறைச்சிக் கடையில் நான் கைப்பேசியில் அழுத்த அழுத்த, எவ்வளவு மீதி என்று கடைக்காரருக்கும் கேட்கிற மாதிரி விசாரிப்பார்.

கம்பி கட்டுபவன்

நான் சிங்கப்பூரர் இல்லை, எழுதலாமா தெரியவில்லை. புதுக்கோட்டைப் பக்கம். 2016இல் வந்து துவாஸில் கம்பி கட்டினேன். அக்கா அப்பாவின் துறைமுகம் போய்ச் சேருகிற இடம். கேய்சன் என்று ஒரு கான்கிரீட் பெட்டி, 28 மீட்டர் உயரம், பத்து மாடி வரும். முதல் கட்டத்துக்கு மட்டும் 221. கடலில் இறக்கி வரிசையாக நிறுத்தினால் அதுதான் துறைமுகச் சுவர், பின்னால் மண் நிரப்புவார்கள். உள்ளே ஏறி நின்று கம்பி கட்டும்போது மேலே பார்த்தால் கிணற்றுக்குள் நிற்கிற மாதிரி சதுர வானம்.

தேசிய தின அணிவகுப்புச் சீட்டுக்குக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும்தான் விண்ணப்பிக்க முடியும். தப்பில்லை, அவங்க வீட்டு விசேஷம். நாங்கள் விடுதியில் போனில் பார்த்தோம். விமானங்கள் பறந்தபோது சத்தம் முதலில் போனில் வந்தது. அன்று ராத்திரி வரைபடத்தில் துவாஸைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாங்கள் கட்டியது அதில் ஒரு நேர்கோடு.

ஆர்பர்காரர் மகள்

தாராளமாக எழுதுங்கள் தம்பி. எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சூளைக் கதைக்குத் தலையாட்டினார், பற்றுச்சீட்டுக்குச் சிரித்தார். உங்களுடையதை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். 28 மீட்டரில் தண்ணிக்குமேல எவ்வளவு தெரியும், கப்பல் உரசினா தாங்குமா, அதை இழுத்துட்டுப் போனது எத்தனை இழுவைப் படகு என்று கேட்கிறார். சீக்கிரம் பதில் போடுங்கள். அதுவரை என்னைத் தூங்க விடமாட்டார்.