மார்க் வாங்கிய பிள்ளைக்கு வேலை தெரிகிறதா? – நர்சிங், புள்ளியியல், சட்டத் தேர்வுகள் பற்றி

நைட் டியூட்டி:
நர்சிங் கல்லூரியில் டியூட்டராக இருக்கிறேன். 'ஐ.வி. திரவம் ஏற்றும் முறையை விவரி' என்று பத்து மார்க் கேள்வி வந்தால் பிள்ளைகள் மூன்று பக்கம் எழுதுகிறார்கள். அதே பிள்ளையை வார்டில் நிறுத்தி, 500 மி.லி. சலைனை 4 மணி நேரத்தில் ஏற்றச் சொல்லிப் பாருங்கள். நிமிடத்துக்கு 42 சொட்டு என்று உடனே பதில் வரும். ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் மேக்ரோ செட்டுக்கு (பாட்டிலிலிருந்து திரவம் இறங்கும் குழாய்) அது சரி. ஆனால் கையில் இருப்பது மைக்ரோ செட், அதில் மி.லி.க்கு 60 சொட்டு, 125 விட வேண்டும். கவரில் அச்சடித்திருப்பதைப் பார்க்காமல் 42-க்கு, சொட்டு வேகத்தை மாற்றும் ரோலரைத் திருகிவிட்டுப் போனால் அந்த பாட்டில் இறங்க 12 மணி நேரம் ஆகும். சூத்திரம் தெரிந்த பிள்ளைதான், பரீட்சையில் முழு மார்க்கும் வாங்கியிருக்கும். விவரி, வரையறு, வகைப்படுத்து என்று கேட்பதை எப்போது விடப்போகிறோம்?

திருச்சி வக்கீல்:
சிஸ்டர், உங்கள் ஆதங்கம் நியாயம். ஆனால் மனப்பாடத்தை இவ்வளவு மட்டமாகப் பேசாதீர்கள். ஜாமீன் மனுவில் எதிர்த்தரப்பு ஒரு பிரிவைச் சொன்னதும் பதில் வாயில் வர வேண்டும். நீதிபதி முன்னால் நின்றுகொண்டு புத்தகம் புரட்ட முடியாது. நோயாளிக்கு மூச்சுத் திணறும்போது நீங்களும் நோட்ஸ் தேட மாட்டீர்கள். சட்டம் படித்தவர்கள் வக்கீலாகத் தொழில் செய்ய எழுதும் அகில இந்திய பார் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் கைடு, நோட்ஸ் எல்லாம் உள்ளே கொண்டுபோகலாம் என்று வைத்திருந்தார்கள். பலர் கைடின் பொருளடக்கத்தைப் புரட்டத்தான் பழகினார்கள். 2021-இல் அதை நிறுத்தி, குறிப்பெழுதாத சட்டப் பிரதி மட்டும் போதும் என்றாக்கியதை நான் வரவேற்றேன்.

சராசரி:
கல்லூரியில் புள்ளியியல் எடுப்பவன் நான். வக்கீல் சார், உங்கள் துறையில்தான் மனப்பாடம் ஒரே இரவில் செல்லாமல் போனது. 2024 ஜூலை 1 அன்று இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. கொலைக்கு 302 என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர்கள் 103 என்று மாற்றிக்கொண்டார்கள். 420 இப்போது 318-க்குள் ஓர் உட்பிரிவு. எண்ணைப் படித்தவன் மறுபடி படிக்க வேண்டியதாயிற்று. மோசடிக்கும் நம்பிக்கைத் துரோகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று புரிந்தவனுக்கு அந்தக் கஷ்டம் அவ்வளவாக இல்லை.

திருச்சி வக்கீல்:
ஒத்துக்கொள்கிறேன், எண் முக்கியமில்லை. ஆனால் எதைத் தேடுவது என்பதற்கே மூளையில் சரக்கு வேண்டுமே! "ஜூன் 30 இரவு திருட்டு, ஜூலை 2 அன்று எஃப்.ஐ.ஆர்., எந்தச் சட்டம்?" என்று நானே ஜூனியர்களைக் கேட்பேன். குற்றத்துக்குப் பழைய சட்டம், நடைமுறைக்குப் புதிய சட்டம். நல்ல பயன்பாட்டுக் கேள்விதான். ஆனால் குற்றம் நடந்தபோது இருந்த சட்டப்படிதான் தண்டிக்கலாம் என்கிற அரசியலமைப்பின் 20(1) மனதில் இல்லாதவனுக்கு அந்தப் பதில் எட்டாது.

மதுரைப் பொண்ணு:
நான் நர்சிங் மூன்றாம் வருஷம். டியூட்டர் மேடம் கோபிக்காதீங்க. கதை மாதிரி நீளமா இங்கிலீஷ்ல கேள்வி கேட்டா, தமிழ் மீடியத்தில் படிச்சு வந்த நாங்க அதை ரெண்டு தடவை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள நேரம் போயிடுது. அங்க சோதிக்கிறது நர்சிங்கையா, இங்கிலீஷையா? 'விவரி'ன்னா எங்களுக்கு எழுத வரும்.

நைட் டியூட்டி:
அம்மா, நீ சொல்வது முக்கியமான விஷயம். அதனால்தான் நான் எழுத்துக் கேள்வியை நீட்டச் சொல்லவில்லை, ஓஸ்கி (OSCE) என்கிற செயல்முறைத் தேர்வை ஒழுங்காக நடத்தச் சொல்கிறேன். 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் கொண்டுவந்த முறை அது. ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய் ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். பிரிட்டனுக்கு வேலைக்குப் போகும் நம் நர்ஸ்கள் எல்லாரும் இதைத் தாண்டித்தான் அங்கே பதிவு வாங்குகிறார்கள். சொட்டு எண்ணிக் காட்ட இலக்கண சுத்தமான இங்கிலீஷ் தேவையில்லை.

திருச்சி வக்கீல்:
அந்த ஓஸ்கிக்கும் கோச்சிங் சென்டர் இருக்கிறது, தெரியுமா? என் தங்கை போனாள். எந்த ஸ்டேஷனில் எந்த வரிசையில் என்ன வசனம் சொல்ல வேண்டும் என்று உருப்போட வைத்தார்கள். கை கழுவினேன், பெயர் கேட்டேன், அலர்ஜி கேட்டேன். செக்லிஸ்ட்டில் டிக் விழும், அவ்வளவுதான். உங்கள் செயல்முறைத் தேர்வும் கடைசியில் மனப்பாடத்தில்தானே முடிகிறது?

சராசரி:
மூன்று துறையும் ஒரே வழக்கில் கோட்டைவிட்டதைச் சொல்கிறேன். நெதர்லாந்தில் லூசியா டி பெர்க் என்ற நர்ஸ். அவர் டியூட்டியில் இருந்தபோது மரணங்கள் அதிகம் என்று சந்தேகம் கிளம்பியது. இது தற்செயலாக நடக்க 34 கோடியே 20 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்று, மூன்று வார்டுகளின் கணக்கிலிருந்து ஓர் எண் நீதிமன்றத்துக்கு வந்தது. 2003-இல் ஆயுள் தண்டனை. தனித்தனி வார்டுகளின் நிகழ்தகவுகளை அப்படியே பெருக்கியிருந்தார்கள். அப்படிப் பெருக்கினால், ஒவ்வொரு வார்டிலும் நிகழ்தகவு வெறும் 0.5 (இரண்டில் ஒன்று) வரும் அப்பாவி நர்ஸ்கூட 20 வார்டு மாறினால் பத்து லட்சத்தில் ஒருவர் ஆகிவிடுவார்! இன்னொன்று, எது சந்தேக மரணம் என்று முடிவு செய்தவர்களுக்கு அவர் டியூட்டி விவரம் ஏற்கெனவே தெரியும். ரிச்சர்ட் கில் போன்ற புள்ளியியலாளர்கள் விடாமல் எழுதினார்கள், 2010-இல் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது.

பெருக்கல் விதி எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. எப்போது பெருக்கக் கூடாது என்பதை நாம் பரீட்சையில் கேட்பதே இல்லை. பத்து எண் கொடுத்துத் திட்ட விலக்கம் கேட்கிறோம், அதைக் கம்ப்யூட்டர் ஒரு நொடியில் தரும்.

திருச்சி வக்கீல்:
அந்த வழக்கு மனதை உலுக்குகிறது, மறுக்கவில்லை. இப்படியொரு கணக்கு கோர்ட்டுக்கு வந்தால் குறுக்கு விசாரணையில் என்ன கேட்பது என்று எனக்கு எந்தப் பரீட்சையும் சொல்லித்தரவில்லை. ஆனால் இன்னொரு கேள்வி இருக்கிறது. இப்படிக் கேள்வி எடுத்தால் யார் திருத்துவது? கட்டுக்கட்டாகப் பேப்பர் வரும். ஒருவர் 8 போடுவார், இன்னொருவர் 3 போடுவார். பாதிக்கப்படுவது மதுரைப் பொண்ணு மாதிரிப் பிள்ளைகள்.

நைட் டியூட்டி:
கோச்சிங் சென்டரின் வசனத்தை உடைக்க வழி இருக்கிறது சார். ஸ்டேஷனில் மேக்ரோ செட்டுக்குப் பதில் மைக்ரோவை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பார்ப்பேன். கவரைத் திருப்பிப் பார்த்த பிள்ளைக்குத் தனி மார்க், பார்க்காத பிள்ளைக்கு மறுபடி வாய்ப்பு. இதற்குக் கூடுதலாக ஒரு தேர்வாளரும் அரை நாளும் வேண்டும். கல்லூரிகள் கொடுக்க மறுப்பது அந்த இரண்டையும்தான்.

மதுரைப் பொண்ணு:
மேடம், அப்படி வச்சா நான் எழுத வர்றேன். ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு செட்டையும் வார்டில் எங்க கையில கொடுத்துப் பழக விடுங்க. இதுவரைக்கும் மைக்ரோ செட்டைப் படத்தில்தான் பார்த்திருக்கேன்.