நாஸ்கார் ஓட்டுநர்களில் அதிகம் மோதுவது யார், குறைவாக மோதுவது யார்? கணக்குப் போட உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க கார் பந்தயமான நாஸ்காரின் முதன்மையான கப் தொடரில் யார் அடிக்கடி மோதுகிறார்கள், யார் தப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போட ஆசை. முடிவுத் தாளில் 'விபத்து' என்று இருப்பதை எண்ணினால் போதுமா என்பதில்தான் குழப்பம்.

2017-க்கு முன் அடிபட்ட காரைக் கராஜுக்குள் தள்ளி, தட்டிக்கொட்டி, டேப் ஒட்டி, ஐம்பது அறுபது சுற்று பின்தங்கியாவது திரும்ப ஓட்டுவார்கள். தாளில் 'ஓடிக்கொண்டிருந்தது' என்றுதான் பதிவாகும். மோதியதற்கான சுவடே இருக்காது. 2017 முதல் 2024 வரை இருந்த விதிப்படி, மோதி கராஜுக்குள் போன கார் திரும்ப வர முடியாது என்றிருந்தது. அப்படியானால் இரண்டு காலத்தையும் ஒரே தராசில் வைக்கலாமா?

அப்புறம் டேடோனா, டல்லடேகா ஆகிய பந்தயத் தடங்கள். அங்கே ஒருவர் தடுமாறினால் பின்னால் வரும் இருபது பேரும் மாட்டுவார்கள். 2020 டேடோனா 500 பந்தயத்தில் கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்த ரயன் நியூமன், பின்னாலிருந்து தள்ளப்பட்டுச் சுவரில் மோதித் தலைகீழானார். இதை அவர் கணக்கில் எழுதுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது. அந்த இரண்டு தடங்களையும் தனியாகப் பிரிக்கலாம் என்று நினைக்கிறேன்.

குறைவாக மோதுபவர் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது மேட் கென்செத். 2003-இல் ஒரே ஒரு வெற்றியோடு சாம்பியன் ஆனவர். ஆனால் தோன்றுவது ஆதாரம் ஆகாதே!

ஓட்டுநர் வாரியாக, ஓடிய மைலுக்கு இத்தனை மோதல் என்று யாராவது எக்செலில் தொகுத்து வைத்திருந்தால் பகிருங்கள். மோதியவர், மாட்டிக்கொண்டவர் என்று பிரிக்க நல்ல வழி தெரிந்தாலும் சொல்லுங்கள்.