கடலோரத்துச் சுண்ணாம்புக் குகைகள்: ஒரு பகல் போய்வந்த அனுபவம்

பாளையங்கோட்டையிலிருந்து:

மகள் ஒன்பதாம் வகுப்பு. புவியியலில் சுண்ணாம்புப் பாறை பாடம் நடத்தியதிலிருந்து குகைக் கூரையிலிருந்து தொங்கும் கல்விழுது, தரையிலிருந்து எழும்பும் கல்முளை என்று அதே பேச்சுதான். குகையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். அப்படிப்பட்ட போரா குகை இருக்கிற ஆந்திரா வரைக்கும் போக எனக்கு லீவு கிடையாது. தாழையூத்தில் சுண்ணாம்புக்கல் இருக்கிறதே என்றாள். அது வெட்டியெடுக்கிற குவாரி, குகை இல்லை. அப்புறம்தான் திருச்செந்தூர் வள்ளி குகையும் மணப்பாடு சவேரியார் குகையும் நினைவுக்கு வந்தன. சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை போன இடங்கள். ஆனால் கல்லைக் கவனித்துப் பார்த்தது இந்தத் தடவைதான்.

காலை ரயிலில் நான், மகள், அத்தை என்று மூன்று பேரும் கிளம்பினோம். திருச்செந்தூரில் கும்பிட்டுவிட்டு வள்ளி குகைக்குப் போனோம். முதுகை நன்றாக வளைத்தால்தான் உள்ளே நுழைய முடியும். பாதி வழியில் வரிசை நின்றுவிட்டது. புழுக்கமும் எண்ணெய் வாடையும் சேர்ந்து அத்தைக்கு மூச்சு முட்டிவிட்டது. பின்னால் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டதால் வெளியே கூட்டிவர முடிந்தது. மூச்சிரைப்பு உள்ளவர்களைத் தயவுசெய்து கூட்ட நேரத்தில் உள்ளே அழைத்துப் போகாதீர்கள். நான் யோசித்திருக்க வேண்டும்.

அத்தை நிழலில் உட்கார்ந்து ஆசுவாசப்பட்டதும் ஒன்று சொன்னார்கள். பழைய கோயில் இந்த ஊர் மணற்பாறையில்தான் கட்டியிருந்தார்களாம்; உப்புக் காற்று கல்லை அரித்து அரித்து உதிர்த்ததால் துறவிகள் சிலர் முயற்சி எடுத்துக் கருங்கல்லில் திரும்பக் கட்டினார்களாம். 1941இல் கும்பாபிஷேகம் நடந்தது அந்தத் திருப்பணிக்குத்தான்.

மணப்பாட்டுக்கு பஸ்ஸில் போனோம். மணல்மேட்டின் உச்சியில் திருச்சிலுவைக் கோயில், 1581இல் கட்டியது. அதற்குக் கீழே கடலைப் பார்த்தபடி குகை. 1542இல் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் இங்கே தங்கி ஜெபித்ததாக ஊரில் சொல்கிறார்கள். இங்கே கூட்டம் இல்லை. நிதானமாகப் பார்த்தோம்.

பாறை அடுக்கடுக்காகச் சாய்ந்து கிடக்கிறது. காற்று குவித்த மணல்தான் அது. மணலுக்குள் இருக்கும் சிப்பித் தூளை மழைநீர் கரைத்து, அந்தச் சுண்ணாம்பு மணலுக்கு இடையில் மறுபடி படிந்து கல்லாக இறுகியிருக்கிறது. கிட்டே போனால் மணலோடு மணலாகப் பொடிச்சிப்பி மினுங்குவது தெரியும். அத்தை ஒரு தடவைதான் பார்த்தார்கள். "ஏட்டி, இது சுண்ணாம்புல்லா!" என்றார்கள். கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுத்ததை எல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள்.

பஸ்ஸில் குமட்டும் என்று அத்தை பையில் எப்போதும் எலுமிச்சம்பழம் இருக்கும். கடற்கரையில் தானாக உதிர்ந்து கிடந்த ஒரு பாறைத் துண்டை மகள் எடுத்துவந்தாள். அதில் நாலு சொட்டுப் பிழிந்தோம். சின்னச் சின்னக் குமிழியாக நுரைத்தது. மகள் காதருகே வைத்துக் கேட்டாள், "சுர்ருங்குது அம்மா." விரலால் தடவியதும் மணல் உதிர்ந்து உள்ளங்கையில் நின்றது. மழைத்தண்ணீரும் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளிப்பேறும், அதுதான் மலையில் குகையைக் குடைகிறது என்று அப்போது சொன்னேன். பாடப்புத்தகத்தில் நாலு தடவை படித்தும் பிடிபடாதது அந்த நுரையில் பிடிபட்டுவிட்டது. இங்கே அந்தப் புளிப்போடு அலையும் உப்புக் காற்றும் சேர்ந்து வேலை செய்கின்றன.

குகைக்குள் ஒரு கிணறு. கடல் பத்தடியில் இரைகிறது, தண்ணீரோ உப்பே இல்லை. திருச்செந்தூர் நாழிக்கிணறும் அப்படித்தான். மணலில் இறங்கும் மழைநீர் உப்புநீரைவிடக் கனம் குறைவு, அதனால் மேலே மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும்.

மனசு சங்கடப்பட்டது ஒன்றுக்குத்தான். பாறையில் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள். எலுமிச்சைச் சாறுக்கே உதிர்கிற கல் அது, சாவி முனை பட்டால் என்ன ஆகும்? பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த எலுமிச்சைச் சோதனையைக் காட்டுங்கள். கீழே கிடக்கும் பொடித்துண்டில் மட்டும்.

உடன்குடியிலிருந்து:

அக்கா சொன்னது சரி. ஆனி, ஆடியில் வராதீர்கள், காற்றில் மணல் முகத்தில் அறையும். செப்டம்பர் 14 திருவிழாவை ஒட்டி மணப்பாட்டில் நிற்க இடம் இருக்காது. அலை ஏறும்போது பாறைக்குக் கீழே இறங்கக் கூடாது, பாசி வழுக்கும்.

விசாகப்பட்டினத்திலிருந்து, சொந்த ஊர் அம்பை:

அக்கா, நான் இங்கே வேலை பார்க்கிறேன். போரா குகைக்குக் காலையில் அரக்கு போகும் ரயிலில் ஏறினால் சுரங்கம் சுரங்கமாகத் தாண்டி போரா குகலு ஸ்டேஷனில் இறங்கிவிடலாம், ஒரு பகலில் போய்வருகிற தூரம்தான். உள்ளே ஒரு கல்முளையை லிங்கமாகக் கும்பிடுகிறார்கள். நான் நின்ற இடத்தில் மேலே ஒரு கல்விழுது. நுனியில் சொட்டு திரண்டு, நின்று, பிடரியில் விழுந்தது. சில்லென்று இருந்தது. அப்படிச் சொட்டிச் சொட்டி ஒரு சாண் வளர ஆயிரக்கணக்கான வருடம் ஆகும். தொட்டால் கையின் எண்ணெய்ப் பசை ஒட்டி வளர்ச்சியே நின்றுபோகும், அதனால் கையைக் கட்டிக்கொண்டுதான் பார்த்தேன். பரீட்சை லீவில் மகளை அழைத்து வாருங்கள். அத்தையும் வரட்டும், வாசல் மண்டபம் நல்ல விசாலம், மூச்சு முட்டாது. ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுகிறேன்.