சங்கக் கணக்குத் தாள்களின் இணைப்புகள் அறுபடாமல் இருக்க

அன்பிற்குரிய ஊரார் அனைவருக்கும் வணக்கம்.

புதிய நிர்வாகக் குழு பொறுப்பேற்ற பின், நம் சங்கத்தின் வரவுசெலவுச் சுருக்கத் தாளில் சந்தா, கல்வி உதவி நிதி, குளம் தூர்வாரும் நிதி ஆகிய மூன்று வரிகளிலும் தொகைக்குப் பதிலாகப் பிழைக்குறி வந்து நின்றதைப் பலரும் கவனித்திருப்பீர்கள். தோஹாவிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் பதற்றத்துடன் கேட்டு எழுதியிருந்தார்கள். பணம் நாகர்கோவில் வங்கிக் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. தாள்களுக்கு இடையிலான இணைப்புதான் அறுந்திருந்தது, இப்போது சரிசெய்யப்பட்டுவிட்டது. மறுபடியும் அறுபடாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

சுருக்கத் தாள், மற்ற மூன்று கூகிள் தாள்களிலிருந்தும் இம்போர்ட்ரேஞ்ச் (IMPORTRANGE) என்னும் வாய்பாட்டின் மூலம் தொகைகளை எடுத்துக்கொள்கிறது. முதன்முறை இவ்வாறு எடுக்கும்போது, மூலத் தாளைப் பார்க்கும் உரிமை உள்ள ஒருவர் "அனுமதி" என்னும் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த அனுமதி, அழுத்தியவர் மூலத் தாளின் பகிர்வுப் பட்டியலில் இருக்கும்வரைதான் செல்லும் என்பது பலருக்கும் தெரிவதில்லை. முந்தைய பொருளாளர் பொறுப்பை ஒப்படைத்ததும் முறைப்படி அவருடைய பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். அதனுடன் அவர் கொடுத்திருந்த அனுமதியும் போய்விட்டது. இதில் யாரையும் குறைசொல்ல இடமில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நிர்வாகிகள் மாறும் ஒரு சங்கம் தன் தாள்களைத் தனி ஆட்களின் பெயரில் வைத்திருந்தால் இது திரும்பத் திரும்ப நடக்கத்தான் செய்யும்.

ஆகவே சங்கத்தின் பெயரில் ஒரு பொதுவான கூகிள் கணக்கு தொடங்கியிருக்கிறோம். எல்லாத் தாள்களின் உரிமையும் அந்தக் கணக்குக்கு மாற வேண்டும். அனுமதிப் பொத்தானையும் அந்தக் கணக்கிலிருந்தே அழுத்த வேண்டும். உரிமையை மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கோப்புறையின் உரிமையை மட்டும் மாற்றினால் உள்ளே இருக்கும் கோப்புகளின் உரிமை மாறிவிடாது, ஒவ்வொரு கோப்பையும் தேர்ந்தெடுத்துத்தான் மாற்ற வேண்டும். மேலும், இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை உள்ளடக்கத்துடன் நீக்கக்கூடும் என்று கூகிள் 2023இல் அறிவித்திருக்கிறது. பொதுக் கணக்கை ஊரில் இருக்கும் செயலாளரும் வெளிநாட்டில் இருக்கும் ஒருவருமாக இருவர் அவ்வப்போது திறந்து பார்த்துவர வேண்டும்.

அடுத்தது நகல் எடுக்கும் பழக்கம். என் கணிப்பில் நம் குழுவில் செத்துப்போன இணைப்புகளில் பெரும்பாலானவை இதனால்தான் செத்தன. ஒரு தாளின் முகவரியில் காணப்படும் நீண்ட எழுத்துக்கோவைதான் அதன் அடையாளம். நம் ஊரில் விளைப்பெயர் (வீடு இருக்கும் விளையின், அதாவது தோட்டத்தின் பெயர்) மாறினாலும் வீட்டின் கதவு எண் மாறாததுபோல, கோப்பின் பெயரை மாற்றினாலும், வேறு கோப்புறைக்கு நகர்த்தினாலும் அந்த அடையாளம் மாறாது. பழைய இணைப்பு வேலை செய்துகொண்டே இருக்கும். ஆனால் தாளைக் கைபேசியில் எக்செல் கோப்பாக இறக்கி, திருத்தி, வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதை இன்னொருவர் மறுபடி கூகிள் டிரைவில் ஏற்றினால், அது புதிய அடையாளத்துடன் கூடிய வேறொரு கோப்பு. அப்படி இறக்கிய எக்செல் கோப்பில் இம்போர்ட்ரேஞ்ச் வேலை செய்யாது. இறக்கிய நேரத்தில் இருந்த எண்கள் மட்டும் அப்படியே நிற்கும். தணிக்கையாளருக்கு அனுப்ப அது போதும், கணக்கு எழுதுவதற்கு உதவாது. தேவையற்றது என்று நினைத்து மூலத் தாளை யாரேனும் நீக்கியிருந்தால், குப்பைத்தொட்டியில் 30 நாட்கள் வரை இருக்கும். அதற்குள் மீட்டுவிட்டால் பழைய இணைப்பும் உயிர்பெறும். ரசீது, தீர்மானம் போன்ற பிடிஎஃப் கோப்புகளைத் திருத்தும்போது புதிதாக ஏற்றாமல், பழைய கோப்பின் "பதிப்புகளை நிர்வகி" என்னும் வசதியில் ஏற்றினால் இணைப்பு மாறாது.

வாய்பாட்டைப் பற்றி இன்னொன்று. எந்தத் தாவலில் (தாளின் அடியில் பெயருடன் காணும் பக்கம்) எந்த நிரல்கள் (நெடுவரிசைகள்) என்பதை இம்போர்ட்ரேஞ்சுக்குள் மேற்கோள் குறிக்குள் வெறும் எழுத்தாகவே தருகிறோம். எனவே "சந்தா" என்ற தாவலுக்கு "சந்தா புதியது" என்று பெயர் மாற்றினால் உடனே பிழைக்குறி வந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிறது. பெயருக்கும் தொகைக்கும் நடுவில் கைபேசி எண்ணுக்கென்று ஒரு நிரலைச் செருகினால் பிழைக்குறி எதுவும் வராது. தொகை இருக்க வேண்டிய இடத்தில் கைபேசி எண் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதைத் தவிர்க்க, தேவையான பகுதிக்கு மூலத் தாளிலேயே ஒரு பெயர் சூட்டி, வாய்பாட்டில் அந்தப் பெயரைத் தருவதே நல்லது; நிரல்கள் நகர்ந்தாலும் பெயர் அவற்றோடு சேர்ந்து நகரும். அதுவரை புதிய நிரல்களை வலப்பக்கக் கடைசியில் மட்டும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தாளில் ஒரு குறிப்பிட்ட கலத்துக்கான (கட்டத்துக்கான) இணைப்பை எடுத்து "உங்கள் வரி இதோ" என்று அனுப்புவதும் வேண்டாம். அது இடத்தைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது. அகர வரிசைப்படி அடுக்கிய மறுகணம் அது வேறொருவரின் கணக்கைத் திறக்கும். ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் உள்ளவர்கள் நம்மில் எத்தனையோ பேர். விளைப்பெயரை வைத்துத்தான் பிரித்தறிகிறோம், அதையும் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். தாள்களுக்கு இடையே தேடிப் பொருத்த உறுப்பினர் எண்ணையே பயன்படுத்துங்கள்.

இணைப்பு திறக்கவில்லை என்று யாராவது சொன்னவுடன், "இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்" என்று தாளைத் திறந்துவிடுவது தீர்வாகாது. அதில் நம் வீட்டுப் பெண்களின் கைபேசி எண்கள்கூட இருக்கின்றன. கேட்பவரின் மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்தால் போதும்.

சங்கத் தாள் எதுவும் தம் பெயரில் இருப்பவர்கள், ஓணத்துக்கு ஊரில் கூடும் கூட்டத்திற்கு முன் அதன் உரிமையைப் பொதுக் கணக்குக்கு மாற்றும் கோரிக்கையை அனுப்பிவைக்கவும். நம் பக்கத்தில் மின்னஞ்சல் வழியாக ஏற்றுக்கொண்ட பிறகே மாற்றம் நிறைவேறும் என்பதால், அனுப்பியதும் எனக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.